ஏழிலும் எட்டிலும்

சுவிஸின் லாங்கன்தால் ஊர்த் தமிழ்ச் சனத்துக்கு யாதவி, தொழிற்பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் ஊர்ச்சபை மண்டபத்தில் கூடுகிற நாற்பது சுவிஸ்காரருக்கோ, மேடையில் மைக் பிடித்து ஆட்டத்தை நடத்துகிறவள். தமிழர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும், "வெள்ளையளுக்கு இவ டான்ஸ் காட்டிக் குடுக்கிறாவாம்" என்று ஒரு நமட்டுச் சிரிப்போடு விட்டுவிட்டார்கள்.

அந்த ஆட்டத்துக்குக் கொன்ட்ரா என்று பெயர். ஒரு வருடம் அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் அவளுக்குத் தொற்றிக்கொண்ட பைத்தியம் அது. இரண்டு நீள வரிசை, எதிரெதிரே சோடிகள், ஒரு வயலின், ஒரு கிற்றார். ஆட்டம் யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கத் தேவையில்லை. மேடையில் நிற்பவள் சொல்லச் சொல்ல ஆடினால் போதும். கெட்டித்தனமெல்லாம் அந்தச் சொல்லுகிற நேரத்தில்தான் இருக்கிறது. இசை எட்டெட்டுத் தட்டாக ஓடும். அடுத்த அசைவு ஒன்றாம் தட்டில் தொடங்க வேண்டுமென்றால், அதற்கான சொல் முந்திய ஏழாம் எட்டாம் தட்டுகளிலேயே வாயைவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒன்றில் சொன்னால், கால்கள் ஏற்கெனவே வேறெங்கோ புறப்பட்டிருக்கும்.

யாதவிக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது இதுதான். சுவிஸில் பிறந்த தமிழ்ப் பெண்பிள்ளைக்குப் பரதநாட்டியத்திலிருந்து தப்ப வழியேது? பதின்மூன்று வருடம் ஆடி, அரங்கேற்றமும் முடித்து, பிறகு சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டுக்கழி பிடித்து நட்டுவாங்கமும் செய்தவள் அவள். நட்டுவாங்கத்தில் சொல்லும் காலும் ஒரே தட்டில் விழவேண்டும். "தெய் தெய்" என்றால் அந்தக் கணமே பாதம் தரையில் அடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை நாக்கிலிருந்து கழற்றி எறிய அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் கைத்தொலைபேசியை மேடை விளிம்பில் வைத்துத் தன் குரலைப் பதிவு செய்வாள். வீட்டுக்குப் போய்க் கேட்டு, எங்கே பிந்தினேன் என்று குறித்துக்கொள்வாள். சந்தோசம் தலைக்கேறும்போதுதான் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கிறது என்பதை அந்தப் பதிவுகளிலிருந்து கண்டுபிடித்தும் வைத்திருந்தாள்.

பெப்ரவரி முதல் சனிக்கிழமை சந்தோசம் தலைக்கேறியது. அவளே கட்டிய ஆட்டம் ஒன்று அன்றைக்குத்தான் முதன்முதலாக இறங்கியது. மே மாதம் ஜேர்மனியில் நடக்கவிருந்த பெரிய நடன விழாவுக்கு அவளை அழைத்திருந்தார்கள். அங்கே கொண்டுபோக வைத்திருந்த ஆட்டம். அதில் ஒரு இடம் உண்டு. நாலு பேர் கைகோத்து வட்டமாக இடப்பக்கம் ஓடுவார்கள். மற்ற ஆட்டங்களில் அந்த ஓட்டத்தின் வேகமே அடுத்த அசைவுக்குள் இழுத்துக்கொண்டு போகும். யாதவியின் ஆட்டத்தில், வயலின் மேலே ஏறுகிற இடத்தில், வட்டம் சட்டென்று வலப்பக்கம் திரும்பும். நண்பர்கள் நாலு பேரை வீட்டு வரவேற்பறையில் ஆடவைத்துப் பார்த்தபோதே ஒருத்தி, "இந்த இடம் உடம்புக்கு ஒத்துவரவில்லை" என்று சொன்னாள். வயலினோடு சேர்ந்து பார்க்க அழகாக இருக்கிறதே என்று யாதவி அதை விட்டுவைத்தாள். அழகுக்கு ஆசைப்பட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் எட்டுச் சுற்றுக்கும் அவள் ஏழிலும் எட்டிலும் "வலம்" என்று சொன்னாள். வட்டங்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. பிறகு, ஆடுகிறவர்களுக்கு ஆட்டம் உடம்பில் ஏறிவிட்டால் அழைக்கிறவள் வாயை மூடிக்கொள்வது முறை, அவளும் மூடிக்கொண்டாள். மண்டபம் முழுக்க நாற்பது பேர் ஒரு சொல்லும் இல்லாமல் தன்னுடைய ஆட்டத்தை ஆடுவதைப் பார்த்தாள். காலால் தாளம் போட்டாள். கண் கலங்கியதாகவும் கேள்வி.

வரிசையின் கடைசியில் ஒரு சிக்கல் எப்போதும் இருக்கும். அங்கே வந்து சேரும் சோடி ஒரு சுற்று சும்மா நின்று, பிறகு மறுபக்கம் பார்த்தபடி உள்ளே வரவேண்டும். வந்ததும் கொஞ்சம் தடுமாறுவார்கள். பன்னிரண்டாம் சுற்றில் அப்படி உள்ளே வந்தவர்கள் வெர்னரும் அவருடைய மனைவி லீஸ்பெத்தும். வெர்னருக்கு எழுபத்தாறு வயது. பாற்கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனக்குத் தாளம் பிடிபடாது என்று வெளிப்படையாகச் சொல்லுவார். "நான் இசையைக் கேட்பதில்லை யாதவி, உன் குரலைத்தான் கேட்கிறேன்" என்று ஒவ்வொரு மாதமும் சொல்லிச் சிரிப்பார்.

அவர்களுடைய வட்டம் திரும்ப மறந்து இடப்பக்கமே போனது. நாலு பேரும் சேர்ந்தே மறந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் சேர்ந்தே பிழை விட்டு, சேர்ந்தே சிரித்து, அடுத்த தட்டில் சரிக்கு வந்திருப்பார்கள். யாதவி விடவில்லை. "வலம்!" என்று மைக்கில் கத்தினாள். அந்தச் சொல் ஒன்றாம் தட்டின் தலையில், தட்டுக்கழி அடித்த மாதிரி விழுந்தது.

மற்ற மூவரும் ஏற்கெனவே இடக்காலை வைத்துவிட்டார்கள். வெர்னரும் வைத்துவிட்டார்தான். ஆனால் அவர் குரலைக் கேட்கிறவர் அல்லவா? குரல் வலம் என்றது. வலப்பக்கம் உடம்பைத் திருப்பினார். இரண்டு கைகளும் இடப்பக்கம் இழுபட்டன, கால்கள் பின்னிக்கொண்டன. விழுந்த சத்தம் மேடைக் காலடியிலேயே கேட்டது.

முதலில் ஓடிப்போனவர் மண்டபத்தின் அப்வார்ட் பாலச்சந்திரன். அப்வார்ட் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர்: திறப்பது, பூட்டுவது, கதிரை அடுக்குவது, தரைக்குப் பொலிஷ் போடுவது எல்லாம் அவர்தான். அம்புலன்ஸ் வந்தது, போனது. ஆட்டச் சங்கத்தின் தலைவி மார்க்ரித் குனிந்து தரையை விரலால் தடவிப் பார்த்தார். "இன்றைக்கு நன்றாகத்தான் மினுங்குகிறது" என்றார். அதற்குமேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து யாதவி பதிவைப் போட்டாள். வயலின் ஏறுகிறது, ஒன்று, "வலம்!", பிறகு அந்தச் சத்தம். அங்கேயே நிறுத்தினாள். திரும்பப் போட்டாள், திரும்பவும் அங்கேயே நிறுத்தினாள். சந்தேகப்பட ஒன்றுமில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கணக்கில் பிழை பிடிக்கிறவளுக்குத் தன் பிழை தெரியாமல் போகுமா?

கணவன் கோபிசனும் காது கொடுத்துக் கேட்டான். "இதிலை என்ன இருக்கு?" என்றான்.

"நான் பிந்திச் சொன்னனான். அதாலைதான் விழுந்தவர்."

"உம்மட்டை ஆரும் கேட்டவையோ? ஒருத்தரும் கேக்கேல்லை. பேசாமல் இரும். இடுப்பெலும்புதானே உடைஞ்சது, ஒட்ட வைப்பினம், எழும்பி நடப்பார்."

"எல்லாரும் தரை எண்டு கதைக்கினம். அந்த அண்ணையின்ரை வேலை என்னாகும்?"

"பன்னிரண்டு வருசமா வேலை செய்யிற மனுசனை இதுக்காக நிப்பாட்டுவினமோ? சும்மா தலையைப் போட்டு உடைக்காதையும்."

ஆறுதலாகத்தான் சொன்னான். யாதவிக்கும் அந்த ஆறுதல் தேவையாக இருந்தது. ஆளை விழுத்திய அழைப்பாளரை எந்த விழாவும் மேடையில் ஏற்றாது என்பதும் அவள் மனதில் ஓடியது. ஓடவில்லை என்று நான் அவளுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

வெர்னர் எழும்பி நடக்கவில்லை. சத்திரசிகிச்சை சரியாகத்தான் நடந்தது. பிறகு நுரையீரலில் சளி கட்டியது. பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை காலையில் இறந்துபோனார். அன்று பின்னேரமே மார்க்ரித் எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டார். துக்கம் தெரிவித்த மூன்று வரிக்குக் கீழே, "மண்டபத் தரை குறித்துச் சபை விசாரிக்கிறது" என்று நாலாவது வரி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பாலச்சந்திரன் யாதவியின் வீட்டு மணியை அடித்தார். ஐம்பத்துமூன்று வயது, கிளிநொச்சிப் பக்கம். அவரோடு அவள் அதுவரை, "என்ன அண்ணை, குளிரோ?" என்பதற்கு மேல் கதைத்ததில்லை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து, கதிரையின் நுனியில் இருந்தார். ஒரு பையிலிருந்து சபையின் கடிதத்தையும், பொலிஷ் டின் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். டின்னைக் கையோடு கொண்டுவந்திருந்தார் பாவம், அது சாட்சி சொல்லும் என்று.

"தங்கச்சி, எனக்கு டொய்ச் கதைக்க வரும், எழுத வராது. வாற வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கினம். என்ரை பக்கத்தை எழுதிக் குடுக்கச் சொல்லி இருக்கு. நீங்கள்தான் எழுதித் தரோணும்."

"சொல்லுங்கோ அண்ணை."

"வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டனான். எப்பவும் போடுற அதே டின்தான், அதே அளவுதான். போட்டுக் காஞ்சாப்பிறகு சொக்ஸோடை குறுக்கையும் மறுக்கையும் நடந்து பாத்தனான். பன்னிரண்டு வருசமா அப்பிடித்தான் பாக்கிறனான். வழுக்கேல்லை தங்கச்சி." டின்னை அவள் பக்கம் தள்ளி வைத்தார். "மே மாசம் பிரசாவுரிமைக்கு இன்ரவியூ வருது. இந்த நேரம் பாத்து வேலையாலை கலைச்சா, எல்லாம் போச்சு. பிள்ளையளின்ரையும் சேத்துத்தான் போட்டிருக்கிறன்."

யாதவி மடிக்கணினியைத் திறந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். நல்ல ஜேர்மன், ஒரு பிசகும் இல்லாத வசனங்கள். பொலிஷின் பெயர், போட்ட நேரம், காய்ந்த மணித்தியாலம், பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறைப்பாடும் இல்லை என்பது எல்லாம் இருந்தது. அதில் இல்லாத ஒன்றே ஒன்று அவளுடைய கைத்தொலைபேசியில் இருந்தது. அது அவருடைய கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

கடைசியில் அவர் கேட்டார். "நீங்கள் மேலை மேடையிலை நிண்டனீங்கள். உங்களுக்கு எல்லாம் வடிவாத் தெரிஞ்சிருக்கும். அந்த மனுசன் ஏன் விழுந்தது?"

அதுதான் நேரம். ஏழும் எட்டும் அதுதான். அவளுக்கும் அது தெரிந்தது.

"தெரியேல்லை அண்ணை" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். படியிறங்கும்போது, "பெரிய உதவி தங்கச்சி" என்று இரண்டு தரம் சொன்னார். டின்னை மேசையிலேயே மறந்து விட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க யாதவி அந்த மேசையில் இருந்து சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அடக்கம். கல்லறைக்குப் பக்கத்தில் லீஸ்பெத் யாதவியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "ஆஸ்பத்திரியில் ஒரே கேள்விதான்" என்றார். "'அவள் வலம் என்றாளே, நான் வலம்தானே திரும்பினேன், எதைப் பிழையாகச் செய்தேன்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருந்து மூளையைக் குழப்பிவிட்டது என்று தாதிமார் சொன்னார்கள். அவருக்குத் தரை வழுக்கியது என்று நான் எத்தனை தரம் சொன்னேன், நம்பவில்லை."

யாதவி வீட்டுக்கு வந்தும் கோட்டைக் கழற்றவில்லை. ஒரு மனுசன் தான் சரியாகச் செய்ததைப் பிழை என்று நினைத்துக்கொண்டே செத்திருக்கிறான். இன்னொரு மனுசன் அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறான். அன்றைக்கே மார்க்ரித்துக்குத் தொலைபேசி எடுத்து, வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். என்ன விடயம் என்று மார்க்ரித் கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றாள். அன்றைக்கே, அந்தத் தொலைபேசியிலேயே, சொல்லியிருக்கலாம்.

"ஐந்து மணி" என்று மார்க்ரித் சொல்லியிருந்தார். யாதவி ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்க மண்டபத்தின் பக்கத்து அறைக்குள் போனாள். உள்ளே சபைத் தலைவர் கோப்பை மூடிக்கொண்டிருந்தார். மார்க்ரித் கோட் போட்டுக்கொண்டிருந்தார். பாலச்சந்திரன் இல்லை.

"அவரை நாலரைக்கே கூப்பிட்டோம்" என்றார் தலைவர். "நல்ல விதமாக முடிந்தது. தரையில் பொலிஷ் கூடிப்போனதை ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டார். நாங்களும் வேலைநீக்கம் என்று எழுதவில்லை. மாத முடிவில் தானாக விலகுகிறார், நல்ல சான்றிதழ் கொடுக்கிறோம்."

யாதவி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பதிவையும் போட்டுக் காட்டினாள். ஏழு, எட்டு, ஒன்று என்று மேசையில் தட்டித் தட்டி விளங்கப்படுத்தினாள். தலைவருக்கு அது என்ன என்றே பிடிபடவில்லை. மார்க்ரித்துக்குப் பிடிபட்டது, அவர் இருபது வருடம் ஆடுகிறவர். போடப்போன கையுறையை மேசையில் வைத்தார்.

"இதை இப்போதா சொல்கிறாய்?" என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். வேண்டுமென்றால் எழுதித் தரட்டும், கோப்பில் வைக்கலாம் என்றார். ஆனால் ஏப்ரலிலிருந்து துப்புரவு நிறுவனம் ஒன்று பொறுப்பெடுக்கிறது, ஒப்பந்தம் பேசியாகிவிட்டது. அவரே ஒத்துக்கொண்ட பிறகு அதைக் கிளறினால் அவருக்குத்தான் கரைச்சல் என்றும் சொன்னார். அவர் கெட்ட மனுசன் இல்லை. ஆறு மணிக்கு அவருக்கு வேறொரு கூட்டம் இருந்தது.

பாலச்சந்திரன் மண்டபத்துக்குள் தரை கழுவிக்கொண்டிருந்தார். கதிரைகள் சுவரோடு அடுக்கியிருந்தன. யாதவியைக் கண்டதும் தும்புத்தடியைச் சாய்த்து வைத்தார்.

"வாங்கோ தங்கச்சி. முடிஞ்சுது."

"ஏன் அண்ணை ஒத்துக்கொண்டனீங்கள்? நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே."

"உங்கடை கடிதத்தைக் குடுத்தனான். வாசிச்சினம். நல்லா இருக்கு எண்டு சொல்லிச்சினம். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டவை. அப்ப அவர் ஏன் விழுந்தவர் எண்டு." கைகளைத் துணியில் துடைத்தார். "மேடையிலை நிண்ட உங்களுக்கே தெரியேல்லை எண்டால், பிறகு வேறை என்ன இருக்கு? யோசிச்சுப் பாத்தன். அண்டைக்கு ஒருவேளை ரெண்டு மூடி கூடத்தான் விட்டனோ தெரியாது. எனக்கே இப்ப நிச்சயமில்லை. நான்தான் அந்த மனுசனைச் சாக்காட்டிப்போட்டன் போலை. ராவிலை நித்திரை இல்லை."

யாதவி கைத்தொலைபேசியை எடுத்துப் பதிவைத் தட்டினாள். வெறும் மண்டபத்தில் வயலின் பெரிதாகக் கேட்டது. "வலம்!" என்றது அவளுடைய குரல். பிறகு அந்தச் சத்தம். பழக்கத்தில் விரல் நிறுத்தப் போனது.

"விடுங்கோ, ஓடட்டும்" என்றார் பாலச்சந்திரன்.

அவள் ஒருநாளும் கேட்டிராத மிச்சம் ஓடியது. வயலின் நாலு தட்டு இழுத்து நின்றது. யாரோ கத்தினார்கள். சப்பாத்துக் கால்கள் ஓடி வந்தன. பிறகு மிகக் கிட்டவாக, உடைந்த ஜேர்மனில் ஒரு ஆண்குரல்: "எழும்பவேண்டாம் வெர்னர், அசையவேண்டாம். நான் இருக்கிறேன். நான் இருக்கிறேன்."

பாலச்சந்திரன் தன் குரலைக் கேட்டபடி நின்றார். பதிவு முடிந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முன்னுக்குச் சொல்ல வேண்டிய சொல்லைப் பின்னுக்குச் சொன்னதையும், அந்தச் சனிக்கிழமை மேசையில் வைத்துச் சொல்லாமல் விட்டதையும் அழுதழுது சொன்னாள். எல்லோருக்கும் எழுதுகிறேன், பத்திரிகைக்கும் எழுதுகிறேன் என்றாள்.

"வேண்டாம்" என்றார் அவர். "வழக்கு வம்பு எண்டு என்ரை பேர் வந்தால், மே மாசம் அதையும் கேப்பினம். கையெழுத்து வச்சாச்சு." பிறகு கேட்டார். "அவருக்கு எவ்வளவு பிந்திச் சொன்னனீங்கள்?"

"ஒரு செக்கன். ஒரு செக்கனும் வராது."

"எனக்கு இருபத்தாறு நாள்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கும். தும்புத்தடியை எடுத்து வாளிக்குள் விட்டார். அவள் நின்ற இடத்தைச் சுற்றி ஈரம் பரவிக்கொண்டு வந்தது. அவள் வாசலை நோக்கித் திரும்பியதும், பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது, அவள் காலை எடுத்து வைக்கும் முன்னரே.

"பாத்துப் போங்கோ தங்கச்சி, வழுக்கும்."